மீதி இரண்டு கம்பு

எண்பத்தேழாம் சாவடியில்
எங்களுக்கு விழுந்தது அறுபத்தொன்று.
போன தடவை முன்னூற்றுப் பன்னிரண்டு.
ரப்பர் ஷீட் எடைபோடும் தராசுக்குப் பக்கத்தில்
பட்டியலை விரித்துவைத்து
மூன்று ராத்திரியாய்க் கூட்டிப் பார்க்கிறேன்.

செத்தவர்களைப் பச்சை மையால் அடித்தேன்.
ஸ்ரீகண்டன் நாயர், பொன்னையன், பாலம்மை,
எந்த மழையிலும் முதல் ஆளாய் வந்து
மை வைத்த விரலை எனக்குக் காட்டிவிட்டுப் போகும்
அப்புக்குட்டன்.
முப்பத்தெட்டுப் பேர்.
சாவுக்குக் கணக்கு இருக்கிறது.
மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் போனவர்களுக்கும் இருக்கிறது.
மிச்சம் நூற்றுத்தொண்ணூறு சொச்சம் எங்கே?

"மெஷின்ல களவு" என்கிறார் ஒன்றியச் செயலாளர்.
அந்த மெஷினுக்கு ஆறடி தள்ளி
விடிந்தது முதல் நான்தான் உட்கார்ந்திருந்தேன்,
ஒண்ணுக்குப் போகக்கூட எழும்பாமல்.
களவு ஒன்றும் நடக்கவில்லை.
வந்தார்கள். அழுத்தினார்கள். பீப் என்றது.
"மாமா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு
வெயிலில் இறங்கிப் போனார்கள்.

பட்டியலின் கடைசித் தாள்களில் புதுப் பெயர்கள்.
ஆதிரா. ஜெபிஷா. ரெஞ்சுஷா. அஸ்வதி.
போட்டோவில் எல்லாம் ஒரே மாதிரி முறைக்குதுகள்.
இதுகளை நான் எங்கேயோ
வரிசையாக நிற்கப் பார்த்திருக்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால்,
முழுக்கோடு பள்ளிக்கூட மைதானத்தில்
பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையில்
பந்து விளையாடக் கூடாது என்று
நாற்பது பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தோம்.
முதல் கையெழுத்து எனக்க கையெழுத்து.
பண்பாட்டுக்கு எத்தனை சுழி என்று
ஆள் விட்டுக் கேட்டுத்தான் எழுதினேன்.
கோல் போஸ்டைப் பிடுங்கிச்
சத்துணவுக்கு விறகாக்கினார்கள்.
அன்றைக்குச் சோறு நன்றாக வெந்ததாம்.

எனக்க மகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.
ஒரு வாரம் பேசவில்லை.
பிறகு பேசினாள்.
பேசினாள் என்பதால்
முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மரச்சீனியும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்து
"கணக்கு இன்னும் தீரலியா?" என்றாள் பெண்டாட்டி.
பேனா அவள் பெயருக்கு நேரே நின்றது.
கேட்கவில்லை.
நம்ம ஓட்டு என்று டிக் போட்டேன்.
அவள் மீன்முள்ளை எடுத்துப் பூனைக்குப் போட்டாள்.

நேற்று மழை தோர்ந்த நேரம்
ஏழெட்டுப் பிள்ளைகள் கடை வாசலில்.
"மாமா, ஜங்ஷன்ல உங்க வளைவு
சும்மாதானே நிக்குது?"
வளைவு எங்கே நிற்கிறது?
பிளெக்ஸை எவனோ ஆட்டுக்கூட்டுக்குக் கூரையாக்கிவிட்டான்.
நிற்பது எட்டுச் சவுக்குக் கம்பு.
கோபமாய்க் கேட்டிருந்தால் தரமாட்டேன் என்றிருப்பேன்.
ஜெயித்தவர்கள் மாதிரி சிரித்திருந்தாலும்.
அதுகள் கம்பு கேட்டதுகள், அவ்வளவுதான்.
எனக்க கையெழுத்து அதுகளுக்கு
ஞாபகம் இருக்கிறதா இல்லையா,
முகத்தைப் பார்த்தால் வெளங்கவில்லை.

"எத்தனை?"
"ஆறு."
"அடுத்த தேர்தலுக்குத் திருப்பித் தரணும்."
பல்லுக்குக் கம்பி கட்டின சின்னது ஒன்று
"அப்போ எனக்கும் ஓட்டு இருக்கும் மாமா" என்றது.
மிரட்டவில்லை.
பிறந்த தேதி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னது.

மீதி இரண்டை நானே பிடுங்கிவந்து
குலை தள்ளிச் சாய்ந்த ஏத்தன் வாழைக்கு
முட்டுக் கொடுத்தேன்.
ஒன்றில் கொடி கட்டின நைலான் கயிறு
முடிச்சு இறுகிக் கிடக்கிறது, அவிழவில்லை.
கிடக்கட்டும்.

ஜங்ஷனில் எட்டுக் குழி,
விளிம்புவரை தண்ணீர்.
அஞ்சரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிற எவளாவது
காலை விட்டுவிடக் கூடாது.
பஞ்சாயத்து மூடாது, எனக்குத் தெரியும்.
விடியும் முன்னே
மண்ணும் சட்டியும் கொண்டு போகணும்,
ஆள் நடமாட்டம் தொடங்கும் முன்னே.