இடது காது

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி
நாலு கிலோமீட்டரில்
தென்னைகளுக்கு மேலே தெரிகிறதே
மஞ்சள் பெயிண்ட் உரிந்த இரும்பு முடிச்சு,
அதன் வாசலில் நிற்பவள் நான்.
அமலோற்பவம்.
சட்டைப்பையில் அமலா என்றிருக்கும்,
தையல்காரருக்கு அவ்வளவுதான் இடம் கிடைத்தது.

வண்டி இங்கே பிறந்ததல்ல.
ஏதோ குளிர்நாட்டில் ஓடி ஓய்ந்ததைக்
கழற்றி, துண்டுக்குத் துண்டு எண் எழுதி,
கொச்சியில் இறக்கிக் கொண்டுவந்து பூட்டினார்கள்.
ஐம்பத்தேழும் ஐம்பத்தெட்டும் சேருமிடத்தில்
ஒரு விரற்கடை மிஞ்சியது.
வெல்டிங் வைத்துச் சரியாக்கிவிட்டோம் என்றார்கள்.
ஆகவில்லை என்று
பதினோரு வருடமாக என் கழுத்து சொல்கிறது.

தினமும் ஒன்பதரைக்கு
மணல் மூட்டைகளை ஏற்றி ஒரு சுற்று,
மூட்டைகள் பிழைத்து வந்தால்
நானும் ஷிஜுவும் ஒரு சுற்று.
அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு மூன்று வரிசை.
நடு வரிசை தொட்டில்.
முன்னும் பின்னும் சக்கரத்துக்கு மேலே, அது உரல்.
உரலுக்குள் தலையை விட்டபின்
உலக்கைக்கு அஞ்சலாமா என்பார்கள்.
தாராளமாக அஞ்சலாம்.
தலையை மட்டும் பின்னால் சாய்க்காதீர்கள்.
மொபெட்டின் பின்சீட்டில் இருந்தபடி
வேகத்தடையைப் பார்த்துவிட்டவளைப்போல
கொஞ்சம் முன்னால் வாருங்கள்.
நாக்கு பல்லுக்கு உள்ளே.
கால் ஊன்றி, தோள் தளர்ந்து.
கத்துவது நல்லது, கத்தும்போது யாரும்
மூச்சைப் பிடிப்பதில்லை.
கம்மலைக் கழற்றிவிடுங்கள்.

யாரும் கேட்பதில்லை.
கோயம்புத்தூர்ப் பையன்கள் முன்வரிசைக்கு அடித்துக்கொள்வார்கள்,
இறங்கும்போது
கழுத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு
சூப்பர் என்பார்கள்.

எலப்புள்ளியில் கள் இறக்கும் வேலாண்டி மட்டும்
மாதம் ஒருமுறை தனியாக வருவான்.
எதையும் பிடிக்கமாட்டான்.
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தவனைப்போல் போய் வருவான்.
எப்படி என்றேன்.
"மரம் எப்ப வளையும்னு சொல்லாது சேச்சி.
இது தெனம் ஒரே எடத்துலதானே வளையுது?"

போன ஆவணியில்
பரிசோதனைக்கு ஒரு என்ஜினீயர் வந்தார்.
மார்பில் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு
ஏழு சுற்று.
இறங்கிப் படியில் உட்கார்ந்தார்,
தண்ணீர் கேட்டார்,
எங்கே மோசம் என்று என்னையே கேட்டார்.
மூன்றாம் வளைவு, இடது காது என்றேன்.
குறித்துக்கொண்டார்.
அறிக்கை வந்தது: 'ஏற்கத்தக்கது.'

மூன்றாம் வளைவில் வண்டி வலப்பக்கம் திரும்பும்,
தலை இடப்பக்கம் போகும்.
அந்த இடத்துக்கு நேர் கீழே
வலைக்கும் புல்லுக்கும் நடுவில்
திங்கட்கிழமை தோறும் பொறுக்குவேன்.
ஜிமிக்கி, தொங்கட்டான், பிளாஸ்டிக் வளையம்,
அபூர்வமாகத் தங்கம்.
எல்லாம் ஒற்றை.
பிஸ்கட் டின் நிறைய
இடது காதுகள்.

ஆபீஸில் சொல்லியிருக்கிறேன்,
போர்டும் வைத்திருக்கிறார்கள், மலையாளத்திலும் தமிழிலும்.
தேடி யாரும் வந்ததில்லை.

நேற்று ஒருத்தி வந்தாள்,
கிணத்துக்கடவு என்றாள்,
வலது காதில் மட்டும் சிவப்புக்கல் தோடு,
சாட்சிக்குப் போட்டுவந்ததாம்.
எட்டு மாதத்துக்கு முன் இங்கே விழுந்தது,
கூட வந்தவர் அன்று இறங்கியதும்
கம்மலைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டார்,
தேட நேரமில்லை என்றாள்.

டின்னைத் தரையில் கவிழ்த்தோம்.
ஷிஜுதான் கண்டுபிடித்தான்.
திருகாணி இல்லை, கல் இருந்தது.

அவள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.
வலக்காதில் இருந்ததையும் கழற்றி
இரண்டையும் என் கையில் வைத்து,
இத வச்சிருங்க, எந்த வரிசைங்க நல்லது என்றாள்.

காட்டினேன்.
இரும்பு இறங்கிப் பூட்டியது.
"பேடிக்கண்டா" என்று ஷிஜு எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னான்.
ஏற்றத்தில் சங்கிலி கடகடவென்று இழுக்க
நான் வழக்கம்போல் துண்டுகளை எண்ணினேன்.
ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு,

அவள் சற்றே முன்னால் குனிந்தாள்.