மூன்றா, நாலா

நமீபியாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்,
மூன்று இறகா, நாலு இறகா என்று.
பெயர் ஹெய்ன். வில்லின் இழுவை அறுபது பவுண்டு.
முனை இரட்டை அலகு, மடங்காதது.
குடு மானுக்கு.
பனி கிடையாது, புழுதிதான்.
கடைசி வரியில், கொஞ்சம் தயங்கி:
சத்தம் குறைவாக இருந்தால் நல்லது.

பூம்பாறையில் எங்கள் அறை, முன்பு உரக் கிடங்கு.
பூண்டு காயும் நெடிக்குள்
அருள்சீலி பசை தொடுகிறாள், நான் இறகு வெட்டுகிறேன்.
ஒட்டன்சத்திரத்துப் பண்ணையிலிருந்து
வான்கோழி றெக்கை மூட்டையாக வரும்.
இடது றெக்கைக்கு ஒரு பை, வலதுக்கு ஒரு பை.
கலந்தால் போச்சு,
ஆளுக்கொரு வழி சொல்லக் கேட்ட லாரி மாதிரி
அம்பு நடுவானில் தடுமாறும்.

இந்த மலையில் ஒரு முயலுக்குக் குறிவைத்தாலும் ஜெயில்.
வருஷத்துக்கு ஒருமுறை ரேஞ்ச் ஆபீஸில் கேட்பார்கள்.
ஏற்றுமதி ரசீதை நீட்டுவேன்.
எங்கோ ஒரு மான் விழுவதற்கு
பதினெட்டு சதவீத வரி கட்டியிருப்பேன்.

முனைக்கு அலகு இருந்தால் அதுவும் ஒரு சிறகு.
முன்னால் இருக்கிற சிறகு தன் இஷ்டத்துக்கு இழுக்கும்.
பின்னால் இருப்பது
அதைவிடப் பிடிவாதமாக இருக்க வேண்டும்.
நேராக ஒட்டினால் வேகம், கூடவே ஆட்டம்.
முறுக்கி ஒட்டினால் சுழற்சி,
சுழல்வது சொன்ன பேச்சு கேட்கும்,
முப்பது கெஜத்துக்கு மேல் கொஞ்சம் தாழும்.
பிளாஸ்டிக் நனையாது, வில்லில் உரசினால் உதைக்கும்.
இறகு உரசினால் படுத்து எழுந்துவிடும்.
ஆனால் எங்கள் ஊர் மேகம்
ஜன்னல் வழியே வந்து மேசையில் உட்கார்ந்தால்
பத்தே நிமிஷம்,
இறகு நனைந்த கோழி.

நாலு மணிக்குச் சோதிக்கப் போனோம்.
கேரட் பிடுங்கி முடித்த படிக்கட்டு வயல்,
கடைசிப் படியில் வைக்கோல் கட்டு, சுண்ணாம்பு வட்டம்.
முதலில் நாலு இறகு, குட்டை வெட்டு.
சத்தமே இல்லை. மூச்சு விட்டது போலப் போனது.
மூன்று அம்பில் ஒன்று மட்டும் ஒரு சாண் விலகியது.
ஒரு சாண் என்றால் சுண்ணாம்புக்கு ஒன்றுமில்லை.
மானுக்கு அது நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம்.

பிறகு மூன்று இறகு, நாலங்குலம், உயரம், வலது முறுக்கு.
நான்கு, ஐந்து, ஆறு, ஒரே இடத்தில் கொத்தாக.
ஒவ்வொன்றும் துணி கிழிகிற சத்தத்தோடு.
அதற்குள் மேகம் இறங்கி வட்டத்தை மூடியது.
கட்டு எங்கே என்று கைக்குத்தான் தெரியுமே.
ஏழாவதை விட்டேன்.

மேகம் விலகியது.
கட்டுக்குப் பக்கத்தில் காட்டுமாடு. ஒற்றை.
முழங்கால்வரை வெள்ளைக் காலுறை.
எங்கள் வைக்கோலைத்தான் தின்றுகொண்டிருந்தது.
ஏழாவது அம்பு அதன் திமிலிலிருந்து
ஒரு முழம் தள்ளி, கட்டில்.
தலை தூக்கவில்லை. ஒரு காது மட்டும்
அம்பு வந்த வழியைப் பின்னோக்கித் தடவிக்கொண்டே
என் வரைக்கும் வந்து நின்றது.

அருள்சீலி என் முழங்கையைப் பிடித்தாள்.
அவள் விரலில் பசை. இரவு உரிக்கும்போதுதான் பார்த்தேன்.

அன்புள்ள ஹெய்ன்,
மூன்று. நாலங்குலம், வலது முறுக்கு, ஒன்று மட்டும் ஆரஞ்சு.
சத்தம் இருக்கும்.
கிட்டே போனால் காது திரும்புவதற்குள் முடிந்துவிடும்.
எட்ட நின்றால் கேட்கும், கேட்கட்டும்.
தெரியாத இடத்தைப் பார்த்து எய்யாதீர்கள்.

கடைசி வரியை அடித்துவிட்டேன்.
எழுத எனக்கு என்ன யோக்யதை.

பெட்டியில் பதினொன்று இருக்கிறது.
டஜனுக்கு இன்னும் ஒன்று வேண்டும்.
நாளைக்கு ஒட்டலாம்,
வெயில் வந்தால்.