கூரையில் விரல்கள்

இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுபவன் நான்.
தார்த்து நகரத்தின் முதல் பேருந்து
விடிகாலை நாலு நாற்பதுக்கு என் கையில்தான்,
பனி கிடந்தாலும் சரி, உருகினாலும் சரி.

மூன்று வாரமாகக் கூரையில் யாரோ தட்டுகிறார்கள்.
சுத்தியல் இல்லை. எலி இல்லை.
டக். டக்டக். டக்.
பிறகு ஒரு தயக்கம்,
தப்பிய இடத்தைத் திருத்திக்கொள்வதுபோல்
மறுபடி முதலிலிருந்து.

முதல் வாரம் துடைப்பக் கட்டையால் மேலே இடித்தேன்.
சட்டென்று அமைதி. எனக்கே வெட்கமாகப் போயிற்று.
இரண்டாம் வாரம், சிவப்பு விளக்கில் நிற்கையில்,
என் விரல்கள் ஸ்டியரிங்கில் அதையே தட்டுவதை
முன் இருக்கைச் சிறுமி பார்த்துச் சிரித்தாள்.
மூன்றாம் வாரம் உறுதியாகிவிட்டது:
அது கல்யாண ஆட்டம்.
மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
கோட்டைக் கழற்றி எறிந்து ஆடுவது.

சனிக்கிழமை படியேறினேன்.
கதவைத் திறந்த லீவி, பால் பண்ணைச் சோதனைக்கூடத்துக்காரி,
கழுத்தில் ஹெட்போன்.
"எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்தேன், ஊர்மாஸ்."
"கட்டைகள் கேட்கின்றன" என்றேன்.

இஸ்திரிப் பலகைமேல் இருந்தது அந்தக் கறுப்புக் கீபோர்டு.
இரும்புக் கால்கள் நேராக என் கூரையில்.
அதிலிருந்து ஒரு கேபிள் மடிக்கணினிக்கு.
அது நான்காவது கேபிளாம்.
முதல் மூன்றும் சார்ஜ் ஏற்ற மட்டுமே தெரிந்தவை;
விளக்கு எரியும்,
கணினி மட்டும் யாரும் வரவில்லை என்று சாதிக்கும்.
பிறகு தாமதம்.
"வியாழக்கிழமை அழுத்தினால் வெள்ளிக்கிழமை கேட்டது."
ஏதோ ஒரு எண்ணைக் குறைத்தாளாம்,
எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் பொரிந்ததாம்.
இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில்
இப்போது குடியிருக்கிறாள்.

"இதற்குள் சத்தமே கிடையாது, தெரியுமா?"
கேபிளைப் பிடுங்கிவிட்டு அழுத்தினாள்.
டக்.
"எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விட்டேன்.
போவது அவ்வளவுதான், வெறும் எண்கள்.
அறுபது. எழுபத்தொன்று. பூஜ்யம்."
என் டிக்கெட் இயந்திரமும் அப்படித்தான்.
நிறுத்தம் ஏறும், நேரம் ஏறும்,
ஏறியவரின் முகம் ஏறுவதில்லை.

ஹெட்போனை என் காதில் வைத்தாள்.
ஒரு செல்லோ.
மூடுபனியில் யாரோ படகைத் தனியாக இழுத்துப் போவதுபோல்.
"இது அது இல்லை" என்றேன்.
"இதுதான். மூன்று வாரமும்."
"கீழே இது குதித்தது."

அவள் சிரிக்கவில்லை.
திரையை என் பக்கம் திருப்பினாள்.
"எது என்று நீங்களே சொல்லுங்கள்."

பியானோ பதினொன்று.
கண்ணாடி மணி. வெதுவெதுப்பான படலம், எண் மூன்று.
மூச்சு வாங்காமல் 'ஆ' என்று மட்டும் பாடும் நாற்பது பேர்.
'உலகம்' என்றொரு பெட்டி: சித்தார், கோட்டோ,
ஆண்டிஸ் மலைப் புல்லாங்குழல்.
எஸ்தோனியா அந்த உலகத்தில் இல்லை.
இறங்கி இறங்கி, கடைசிக்குச் சற்று முன்னால்,
'அக்கார்டியன், பழையது, துருத்திச் சத்தத்துடன்.'
விரலால் தொட்டேன்.

"துக்கத்துக்கென்று செய்தேன் இதை" என்றாள் மெதுவாக.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
வாசித்தாள்.
அதே கட்டைகள், அதே வேகம், அதே எண்கள்.
காலுறையோடு நின்ற என் இடது கால்
என்னைக் கேட்காமல் நகர்ந்தது.
பாதியில் அவள் நிறுத்தினாள்.
மறுபடி தொடங்கியபோது
முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று கேட்டது கணினி.
அந்தச் சின்னச் சதுரத்தை
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நான் செருப்பைத் தேடி இறங்கிவிட்டேன்.

இரவு பத்தரை.
டக். டக்டக். டக்.
எந்த வாத்தியம் என்று
கீழேயிருந்து தெரியாது.