எந்த நிறம் யாருக்கு

டெபே சந்தைக்குப் பின்னால் என் துணிக்கடை.
மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை
யுஸ்லெய்டி உள்ளே வந்தாள்.
கையில் பள்ளிக்கூட நோட்டு,
காலில் வெனிசுவேலாவிலிருந்து படகேறியபோது
போட்டிருந்த அதே செருப்பு.

சூக்தியோ வீட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்.
வாசலில் பதினொரு மூங்கில், பதினொரு துணி.
காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து
மழைக்கு முன்னால் ஓடிப்போய்
ஒன்றை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாளாம்.
வீட்டுக்காரி கத்தவில்லை.
அதுதான் பயமாக இருந்தது என்றாள்.

"எழுதிக்கொள்கிறேன், சொல்லுங்கள்.
எந்த நிறம் யாருக்கு?"

சொன்னேன்.
சிவப்பு அனுமானுக்கு. மஞ்சள் துர்கைக்கு.
வெள்ளை சரஸ்வதிக்கு, ரோஸ் லட்சுமிக்கு.
"எங்கள் வீட்டில் மஞ்சள்தான் லட்சுமி"
என்றாள், நூல்கண்டு வாங்க வந்த ரூக்மின்.
"வெள்ளை சிவனுக்கு" என்று வெளியிலிருந்து ஒருவன்,
வாய் நிறைய டபுள்ஸ், மோவாயில் கடலைக் குழம்பு.
எழுதினாள், அடித்தாள், மேலே எழுதினாள்.
தாள் பொத்துப்போனது.

"எது சரி?"

முழக்கோலைக் கீழே வைத்தேன்.
முப்பது வருடமாக இந்தத் துணியைக் கிழித்துக் கொடுக்கிறேன்,
ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
எல்லோரும் தங்கள் நிறத்தோடுதான் கடைக்கு வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்தது சொல்கிறேன், கேட்டுக்கொள்.
பூஜையன்று விடியும் முன்னே மூங்கில் வெட்டுவோம்,
நுனியில் நாலு இலை விட்டுவைத்து.
பண்டிட் சொல்வது பாதி புரியாது;
எனக்கு முன்னால் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்களுக்கும்
புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.
பூப் போடும் இடம் வந்தால் கை தானாக எழும்.
குழியில் ஒரு காசு. அதன்மேல் மூங்கில்.
பிறகு பிரசாதம், பழுப்புக் காகிதப் பையில்,
நெய் ஊறிப் பையின் அடி கண்ணாடியாகும்வரை
அக்கம்பக்கமெல்லாம் கொண்டுபோய்க் கொடுப்போம்,
பள்ளிவாசல்காரர் வீட்டுக்கும்.

"நம்பவேண்டாமா?"
"ரவையைக் கைவிடாமல் கிளறவேண்டும்.
நம்பினாலும் நம்பாவிட்டாலும் அடிப்பிடிக்கும்."

ஏற்றிய ஜண்டியை நாங்கள் இறக்குவதில்லை.
வெயில்தான் இறக்கும், நார்நாராக.
எட்டு மாதத்தில் பதினொன்றும் ஒரே நிறம்.
(துணி விற்கிறவள் இதைச் சொல்லக்கூடாது.)

அவள் கழுத்தில் ஒரு மாதா பதக்கம்,
தொட்டுத் தொட்டு முகம் தேய்ந்தது.
சிப்பாரியா போயிருக்கிறாயா என்று கேட்டேன்.
பெரிய வியாழனன்று அங்கே தேவாலயத்தில்
விடிய விடிய எங்கள் ஆட்கள்தான் வரிசை.
அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் முதல் முடி.
பாதிரியாருக்கு அவள் மேய்ப்பவள்,
எங்களுக்கு மாயி. கறுத்த முகம்.
உங்கள் கரையிலிருந்து வந்தவள் என்று ஒரு கதை.

"அவளிடம் காகிதம் கேட்டார்களா?"

ரூக்மின் சிரித்தாள்.
நான் துணி உருளைகளை அடுக்கப் போனேன்,
ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

அவிழ்த்த கொடிக்குப் பதில் ஒன்று வாங்கவே வந்திருக்கிறாள்.
என்ன நிறம் அது?
தெரியாதாம். வெளுத்துப் போயிருந்ததாம்.
மறுபடி ரூக்மின் ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன்.
வெளியில் இருந்தவன் எழுந்து போயிருந்தான்.
அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்,
சிவப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.
ஏன் என்றேன்.

"இவருக்குக் கடல் தாண்டத் தெரியும் என்று
அந்த வீட்டுப் பையன் சொன்னான்."

ஒரு கஜம் அளந்தேன்.
நாலு விரல் கூடுதலாகவே கத்தரி ஓடியது.
காசை எண்ணி வாங்கிக்கொண்டேன்.
மழை விடவில்லை. துணியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நனைந்தபடியே போனாள்.