ஆறுதலா வாறன்

நீதிமன்றத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடை.
அதன் பின்னறையில் எனக்கொரு மேசை,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரை,
பண்ணைக் காற்றில் கடதாசி பறக்காதிருக்க
ஒரு பழைய பூட்டு.
பக்கத்துக்கு எழுநூறு ரூபா.

பாஷையூர் எமில்டா கொண்டுவந்தது மூன்று பக்கம்.
ஆணைக்குழு நாலாவது, படிவம் புதுசு.
கதையை எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து மட்டும்
ஒவ்வொரு முறையும் மாறும் என்றா.

இரண்டாம் பக்கம், எட்டாம் வரி:
"சைக்கிளை எடுத்துக்கொண்டு
'ஆறுதலா வாறன்' எண்டு சொல்லிப்போட்டு
எனது கணவர் நீக்கிலாஸ் வெளிக்கிட்டவர்."

பேனை அங்கே நின்றது.

கடல் தாண்டினால் ஆறுதல் என்பது
செத்தவீட்டு வாசலில் சொல்வது.
இங்கே அது அவசரமின்மை.
ஆறுதலாச் சாப்பிடுங்கோ.
ஆறுதலா இறங்குங்கோ, என்பான் மினிபஸ் பெடியன்,
முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே.
ஆறுதலாக் கதைப்பம் என்று ஒருவர் சொன்னால்
அந்தக் கதை இனி இல்லை.

முதுகு கிழிந்த அகராதியை விரித்தேன்.
ஆறு: தணிதல், சூடு குறைதல், புண் காய்தல்.
ஆறு என்றால் வழியும்தான்;
பசித்த பாணர் பரிசில் தேடி நடந்த வழி.
நீர் ஓடினாலும் ஆறு.
அது எங்கள் மண்ணில் இல்லை.
வழுக்கியாறு என்று ஒன்று
மாரிக்கு மட்டும் தன் பேரை ஞாபகம் வைத்திருக்கிறது.
எண்ணும் உண்டு:
தொண்ணூற்றாறு, ஆடி மாதம், வியாழக்கிழமை.

ஆற்றுதல் அடுத்த பக்கத்தில். பொறுத்தல், தாங்குதல்.
உரைகாரர் தலைவியை இரண்டாகப் பிரித்துவைத்தார்கள்:
ஆற்றியிருந்தாள், ஆற்றாளாயினாள்.
கார் வரும், முல்லை பூக்கும்,
தேர்மணி கேட்கும், துறை முடியும்.
இருபத்தேழு கார் கழிந்தவளுக்கு
எந்த உரையில் இடம் என்று தேடினேன்.
ஒரு பூச்சி மட்டும் தாளுக்குள் தட்டையாய்க் கிடந்தது.

"எழுத்து விளங்கேல்லையோ மிஸ்?"

அவர் என்ன கருத்தில் சொன்னவர், என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"மீன்குழம்பு அடுப்பில. நான் கெதியா வாங்கோ எண்டன்.
அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னவர்.
நான் கெதியா எண்டு சொல்லாட்டி
வேற என்னவும் சொல்லியிருப்பார்."

பிறகு, தானாகவே:
"ஆற்றுப்படுத்துநர் எண்டு ரெண்டு பிள்ளையள் வந்தவை.
நல்ல பிள்ளையள்.
வழிப்படுத்துறம் எண்டினம்.
எங்கை போறதுக்கு எண்டு கேட்டன்.
அழுதிட்டுதுகள்."

கடைப் பெடியன் பிளேன்ரீ வைத்தான்.
ஆங்கிலத்தில் 'மெதுவாக வருவேன்' என்று எழுதினேன்;
கால் ஏலாதவன் போலிருந்தது. வெட்டினேன்.
'பிறகு வருவேன்' என்றால் வாக்குறுதி;
மறுநாளே பொய்யாகியிருக்கும்.
'அமைதியாக' என்றது இன்னும் மோசம்.
அந்தச் சொல்லோடு இந்த ஊருக்குப் படைகள் வந்திருக்கின்றன.

கடைசியில் சொல்லை அப்படியே விட்டேன்,
அவன் உச்சரித்தபடி, அந்நிய எழுத்தில்,
தலைக்குமேல் ஒரு சிறு இலக்கம் இட்டு.
கீழே குறிப்பு:
*இச்சொல்லுக்குக் காலவரையறை இல்லை.*

முத்திரை குத்தினேன். உண்மைப் பிரதி.

அவ ஆறின தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்து,
சேலைத் தலைப்பில் முடிந்த காசை எண்ணி வைத்தா.
இருநூறைத் திருப்பித் தள்ளினேன்.
என்னத்துக்கு, என்று திரும்பத் தள்ளினா.

எழும்பும்போது, வாய்ப்பழக்கம்,
"ஆறுதலாப் போங்கோ" என்றுவிட்டேன்.
சொன்ன பிறகே என் காதில் விழுந்தது.

"இல்லை மிஸ், பஸ் போயிடும்."
செருப்பை மாட்டியும் மாட்டாமலும்
வெய்யிலுக்குள் ஓடினா.