கயிற்றுக்கு அந்தப் பக்கம்

காவேரிப்பட்டணத்தில் பஸ்ஸை விட்டு
நெடுங்கல் பக்கம் ஷேர் ஆட்டோ.
வழியெல்லாம் மாந்தோப்பும் புழுதியும்.
பிறகு ஒரு கம்பிக் கதவு,
கதவுக்குள்ளே வேறு பருவம்.

தென்னைக்குக் கீழே இருட்டு,
இருட்டுக்குள் கோகோ.
கிளை நுனிவரை போகப் பொறுமையில்லாத காய்கள்
அடிமரத்திலேயே தொங்குகின்றன,
தப்பான இடத்தில் தைத்த பித்தான்கள்.

மழைக்காட்டு மரமாம்.
இங்கே மழை பெய்யும் நாளை
விரல்விட்டு எண்ணலாம்.
மிச்ச நாளெல்லாம்
கருப்புக் குழாயில் சொட்டுவதுதான் மழை.
அந்தக் குழாய்க்குக் கொடுத்த மானியத்தைச்
சரிபார்க்க வந்திருக்கிறேன்.

காகிதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
தரையில் இருநூற்று எண்பத்தேழு.
மறுபடியும் எண்ணினேன்.
"மூணாந்தரம் எண்ணினாலும் அதேதான் சார்"
என்றாள் சென்னம்மா,
சருகு நொறுங்கப் பின்னாலேயே வந்து.

முந்தின சித்திரையில்
போர் காற்றை மட்டும் கக்கியது.
வாரத்துக்கு இரண்டு டேங்கர்,
அதுவும் கடனுக்கு.
எந்த வரிசைக்கு ஊற்றுவது என்பதில்
அவளும் திம்மராயனும் மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் அவளே
மரத்துக்கு மரம் கயிறு கட்டிப் பிரித்தாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து.
வெறும் தரையைக் காட்டிச் சொல்கிறாள்:
இது அணிலுக்கென்றே காய்த்தது.
இதில்தான் மாதேசு பைக்கை இடித்தான்.
இது,
முதல் காய் கொடுத்தது.

பேச்சை மாற்றுகிறவள்போல
ஒரு பழத்தைக் கட்டையால் தட்டி உடைத்தாள்.
வெள்ளைச் சதை,
சீத்தாவுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு ருசி.
ஆசையில் கொட்டையைக் கடித்துவிட்டேன்.
உள்ளே ஊதா. கசப்பு காதுவரை ஏறியது.
இன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"சாக்லேட் தின்னிருக்கீங்களா?"
"ஓசூர்லருந்து பையன் வாங்கியாந்தான்.
பல்லுல ஒட்டுது.
எனக்கு இந்த வழவழப்பே போதும்."

கொட்டகையில், வாழையிலைக்கும் சாக்குக்கும் அடியில்
நாலு நாளாய்ப் புளிக்கும் குவியல்.
"கையை விட்டுப் பாருங்க."
மணிக்கட்டுவரை விட்டேன்.
யாரும் அடுப்பு மூட்டவில்லை,
ஆனாலும் காய்ச்சல்கார உடம்பின் சூடு.
எடுக்க மனமில்லாமல்
கொஞ்சநேரம் அப்படியே நின்றேன்.

"அந்த இருபத்தஞ்சும் எங்கயாவது வருமா சார், உங்க பேப்பர்ல?"
"கழித்தல்ல வரும்."
"அப்ப வருது" என்றாள்.

இருநூற்று எண்பத்தேழு என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில் வறட்சி.
கட்டம் அவ்வளவுதான் பிடிக்கும்.
படிவத்தின் ஓரத்தில் என் விரல் ரேகை,
பழுப்பாய், புளித்த வாடையோடு.
அலுவலகத்தில் கேட்டால்
எண்ணும்போது ஒட்டியது என்பேன்.