வெதுவெதுப்பு

"நவம்பருக்கு அப்புறம் ஸ்டார்ட்டே பண்ணலை"
என்றார் ஓரெஸ்ட் ஹவ்ரிலுக்.
சஸ்காச்சுவன், மைனஸ் பதினொன்று.
கையுறையைக் கழற்றி
இன்ஜினின் விலாவில் உள்ளங்கை வைத்தேன்.
வெதுவெதுப்பு.

ஒன்றும் சொல்லவில்லை.
புதுச் சிவப்பு பெயின்ட்டை நகத்தால் கீறினேன்:
அடியில் பழைய சிவப்பு, அதற்கும் அடியில்
யாரோ அவசரத்தில் வைத்த வெல்டிங் தழும்பு.
எண்ணெயில் தண்ணீர் இல்லை, நல்லவேளை.
ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான்
சக்கரத்துக்குச் சேதி போகிறது.

"ஆறட்டும், இருக்கிறேன்" என்றேன்.
எது ஆற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

இரண்டு மணி நேரம்
கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து
கனோலா விலை, முழங்கால் வலி,
ரெஜைனாவில் வக்கீலாகிவிட்ட மகள்.
டிராக்டர் மட்டும்
டிக், டிக்கென்று
தனக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது.

கிராங்க் கம்பியைப் பிடித்தேன்,
கட்டைவிரலை மடக்காமல்.
ஐந்தாம் சுற்றில் ஓர் இருமல்.
ஒன்பதாவதில் அவரே எழுந்துவந்து
பார்க்காமலே சோக்கை இழுத்தார்,
அரை விரற்கடை.
நீலப் புகை. பிடித்துக்கொண்டது.

"ஐந்நூறு குறைச்சுக்கோ, மார்லிஸ்."
"எண்ணூறு."

கை நீட்டினார்.
சில்லிட்டிருந்தது அந்தக் கை.
அதை நம்பினேன்.